பிரீட் ஸ்டாண்டர்ட் – தமிழில் என்ன போடலாம்? (கோழிக் கையேடு, அவசரம்)

ஒரத்தநாட்டிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாட்டுக்கோழி வளர்க்கும் மகளிர் குழுக்களுக்காக ஒரு சின்னக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும், ஆடிப்பெருக்கு முடிந்ததும் வகுப்பு. தாய்க்கோழியும் சேவலும் பொறுக்கி எடுப்பது எப்படி என்ற அதிகாரத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். 'பிரீட் ஸ்டாண்டர்ட்' என்ற சொல் அதில் பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது.

ஓர் இனத்துக் கோழி எப்படி இருக்க வேண்டும் என்று கொண்டையிலிருந்து கால் நகம் வரை, நிறம், எடை, நிற்கிற தோரணை உட்பட எழுதி வைத்த வர்ணனை அது. இங்கிலாந்தில் 1865இல் முதல் தொகுப்பு வந்தது, அமெரிக்காவில் 1874இல். உறுப்புக்கு உறுப்பு மதிப்பெண் பிரித்து மொத்தம் நூறுக்குக் கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் அது எழுத்தில் இருப்பதைவிடக் கண்ணில்தான் அதிகம் இருக்கிறது. சிறுவிடை, பெருவிடை, அசீல், கிளிமூக்கு என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு 'இனத்தரம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து, திங்கள் இரவு

தங்கச்சி, 'தரம்' மட்டும் வேண்டாம். நம்ம பக்கம் தரம் என்றால் நெல் கொள்முதல் நிலையம்தான். சன்ன ரகத்துக்கு ஒரு விலை, பொது ரகத்துக்கு ஒரு விலை, ஈரப்பதம் 17க்கு மேலே போனால் களத்தில் மறுபடி காயப்போடு. இனத்தரம் என்று அச்சடித்துக் கொடுத்தால் 'முதல் தரக் கோழி கிலோ என்ன விலைக்குப் போகும்' என்றுதான் முதல் கேள்வி வரும்.

நாங்கள் சொல்வது லட்சணம். சேவலை வாங்கப் போகிறவன் கையில் தூக்கிப் பார்க்கிறான், அசீல் என்றால் பூ, அதாவது கொண்டை, சின்னதாய்த் தலையோடு படிந்திருக்கிறதா, முகம் அகலமா, கழுத்து நீளமா, நெஞ்செலும்பு கோணாமல் நேராய் ஓடுகிறதா, இறக்கும்போது இரண்டு காலையும் அகட்டி ஊன்றுகிறதா என்று பார்த்துவிட்டு 'லட்சணமான சேவல்' என்கிறான். அதற்கு மேல் ஒரு சொல் எதற்கு? பூ கத்தி மாதிரி எழுந்து நின்றால் வேறு ரத்தம் கலந்துவிட்டது, கழித்துக்கட்டு.

கும்பகோணத்திலிருந்து, செவ்வாய் விடியற்காலை

அம்மா, திருத்துறைப்பூண்டியார் பழகிய சொல்லைச் சொல்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் அச்சில் ஏறுகிற நூலில் 'லட்சணம்' கூடாது. நம்மிடம் இலக்கணம் இருக்கிறது. அது வடமொழி லட்சணம் திரிந்து வந்த தற்பவம்தானே என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், இலக்கு என்ற வேரிலிருந்து அணம் விகுதி ஏறி வந்த தனித்தமிழ்ச் சொல் அது என்று கொள்வாரும் உண்டு, நான் அந்தக் கட்சி. தொல்காப்பியம் புறத்திணையியலின் முதல் நூற்பாவிலேயே இலக்கணம் என்ற சொல் இருக்கிறது. பிரீட் ஸ்டாண்டர்ட் என்பது என்ன? வளர்ப்பவன் எட்ட வேண்டிய இலக்கு. இலக்கைச் சொல்வது இலக்கணம். இதைவிடப் பொருத்தம் ஏது?

அதுமட்டுமில்லை, கோழிக்கு இலக்கணம் எழுதுவது நமக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியத்தின் மரபியலை எடுத்துப் பாருங்கள். கோழியும் கூகையும் தவிர வேறு எந்தப் பெண்பறவையையும் 'அளகு' என்று சொல்லலாகாது என்று விதி. சேவல் என்ற பெயர் சிறகுள்ளவற்றுக்கெல்லாம் பொருந்தும், மயிலுக்கு மட்டும் ஆகாது. ஆகவே கையேட்டில் பெட்டைக்கோழி என்று எழுதுகிற இடமெல்லாம் அளகு என்று மாற்றலாம், யோசியுங்கள். கையேட்டின் முகப்பில் உறையூரைப் பற்றி ஒரு பத்தி போட்டாலும் நன்றாயிருக்கும். சோழர் தலைநகருக்கே 'கோழி' என்று ஒரு பெயர் இருந்தது, யானையை எதிர்த்து ஒரு கோழி வென்ற இடம் என்பது கதை. யானைக்கும் வாரணம், கோழிக்கும் வாரணம் என்பதை வைத்துச் சிலப்பதிகாரம் விளையாடியிருக்கிற இடம் அது. வாரணம் என்ற சொல் எப்படி இரண்டுக்கும் வந்தது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, தனியாக எழுதுகிறேன்.

ஒரத்தநாட்டிலிருந்து, செவ்வாய்

ஐயா, நன்றி. வாரணத்தைத் தனியாகவே எழுதுங்கள். அளகு என்று போட்டால் கோழியின் மூக்கைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள், அலகும் அளகும் எங்கள் பக்கத்தில் பலர் வாயில் ஒன்றுதான்.

மயிலாடுதுறையிலிருந்து, செவ்வாய் மாலை

லட்சணமும் வேண்டாம், இலக்கணமும் வேண்டாம். இந்தக் காலத்தில் லட்சணம் என்ற சொல்லை யார் நேர்பொருளில் சொல்கிறார்கள்? 'நீ படிக்கிற லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே', 'இந்த லட்சணத்தில் இதுக்கு ஒரு விழா வேறயா'. கையேட்டில் 'உங்கள் கோழியின் லட்சணத்தைப் பாருங்கள்' என்று இருந்தால் வாசிக்கிற பெண்கள் சிரித்துவிடுவார்கள். இலக்கணம் என்றால் பள்ளிக்கூடம். நான் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் முகங்கள் எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

என் யோசனை: இனவாகு. உடல்வாகு என்று சொல்கிறோம் இல்லையா? 'அந்தப் பிள்ளைக்கு அப்பன் வாகு' என்கிறோம். அமைப்பு, பாங்கு, கட்டு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'சிறுவிடையின் இனவாகு', 'இனவாகுக்குப் பொருந்தாத சேவல்'. நாக்கில் தடுக்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து, செவ்வாய் இரவு

டீச்சர், வாகு என்பது வடமொழி 'பாஹு', தோள் என்று பொருள். கோழிக்குத் தோள் ஏது?

மயிலாடுதுறையிலிருந்து, செவ்வாய் இரவு

'வாகாய் உட்காரு' என்று என் பாட்டி சொன்னபோது தோளைச் சொல்லவில்லை ஐயா. வேறு வாகு அது.

சுவாமிமலையிலிருந்து, புதன்

நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் வார்ப்புப் பட்டறைகளில் சிலைக்கு அளவு பார்க்கத் தென்னங்கீற்றில் ஓர் ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். தெய்வத்துக்குத் தெய்வம் இந்த அளவு, அதாவது தாளக்கணக்கு, மாறும், தசதாளம், நவதாளம் என்று. உருவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருக்கிற முழுமையான சொல்தொகுதி இதுதான். 'தாளமானம்' என்று எடுத்துக்கொள்ளலாமே. 'கோழித் தாளமானம்'.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, புதன்

சேவலுக்கு நவதாளம்! மேளக்காரரையும் கூப்பிடுவோம் அண்ணே.

விளையாட்டு போதும். எங்களுக்குப் பக்கத்தில் உம்பளச்சேரி. கன்று செவலையாய்ப் பிறந்து ஆறு மாசம் வாக்கில் சாம்பலுக்குத் திரும்பும், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கால்களில் வெள்ளை. இந்த அடையாளம் இல்லாத மாட்டை இங்கே ஒருவரும் உம்பளச்சேரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதை நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? மொட்டை மாடு, தெற்கத்தி மாடு, அப்புறம் ஜாதி மாடு. கோழிக்காரர்களும் ஜாதிக்கோழி என்றுதான் சொல்கிறார்கள். 'ஜாதி அடையாளம்' என்று போட்டால் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

மயிலாடுதுறையிலிருந்து, புதன்

அண்ணே, புரியும், அதுதான் பிரச்சினை. வகுப்பில் எல்லாத் தெருப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். 'ஜாதி கலந்ததைக் கழித்துவிட வேண்டும்' என்று ஒருத்தி உரக்க வாசித்தால் அந்தக் கூடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தையில் சொல்கிற சொல் சந்தையோடு இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் இரவு

டீச்சர் சொல்வது முற்றிலும் சரி, எனக்கும் அதுதான் உறுத்தியது. கால்நடை மருத்துவம் படித்தவன் என்ற முறையில் இரண்டு சேதி சேர்க்கிறேன்.

கத்திப்பூ வந்தாலே வேறு ரத்தம் என்று அண்ணன் எழுதியிருந்தார். எப்போதும் அப்படி இல்லை. அசீலின் படிந்த கொண்டை, பாடப்புத்தகத்தில் பட்டாணிக் கொண்டை என்று வருமே, அது ஓங்கு பண்பு, அப்பன் ஆத்தாளில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். ஒற்றைக் கொண்டைக்கான மரபணுவை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் சேவலும் பெட்டையும் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சுக்குக் கத்திப்பூ எழும். கலப்பு பாட்டன் காலத்தில் நடந்திருக்கலாம். 1902இல் பேட்சன் கோழிக் கொண்டையை வைத்துத்தான் மெண்டலின் விதி விலங்குக்கும் பொருந்தும் என்று காட்டினார். ஆகையால் அந்தக் குஞ்சை மட்டும் கழித்தால் போதாது, அதன் அப்பன் ஆத்தாள் இருவரிடமும் அந்தச் சரக்கு இருக்கிறது, அந்த ஜோடியையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, லட்சணமான சேவல் கிடைத்தது என்று ஊரே அந்த ஒன்றையே கட்டிக்கொண்டு அழக் கூடாது. பத்துப் பெட்டைக்கு ஒரே சேவல் என்றால் கூட்டில் 11 உருப்படி நின்றாலும், எல்லாக் குஞ்சுக்கும் அப்பன் ஒன்றே என்பதால், இனவிருத்திக் கணக்கில் அது நாலுக்கும் குறைவுதான். சில தலைமுறையில் முட்டை பொரிவதும் குஞ்சு பிழைப்பதும் குறையும். பிரீட் ஸ்டாண்டர்ட் என்பதைத் தமிழில் என்னவாகச் சொன்னாலும் இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஐயா 'இனமரபு' என்று சொல்வாரோ என்று பயந்தேன், நல்லவேளை. மரபு இப்போது மரபணுவுக்குப் போய்விட்டது.

கும்பகோணத்திலிருந்து, வியாழன் விடியற்காலை

இனமரபு! நானே எழுத இருந்தேன். தொல்காப்பியர் இந்தப் பெயர்களையெல்லாம் வைத்த இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். மரபணுக்காரர்கள் பின்னால் வந்து பிடுங்கிக்கொண்டதற்கு நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நீடாமங்கலத்திலிருந்து, வியாழன்

ஏம்மா, நான் உங்கள் வகுப்புக்கு வரப்போகிறவள். பையன் படித்துக் காட்டினான், எல்லோரும் எழுதியதைக் கேட்டேன். நான் சொல்வதை அவன்தான் எழுதுகிறான்.

நாங்கள் பெட்டை எடுக்கும்போது மூக்கும் வாலும் அப்புறம்தான். கோழியை இடது கையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் பின்பக்கம் தடவினால் ஊசி மாதிரி இரண்டு எலும்பு தட்டும். நடுவில் இரண்டு மூன்று விரல் தாராளமாய்ப் போனால் முட்டையில் இருக்கிற கோழி, ஒரு விரலுக்கே இறுக்கினால் இப்போது இல்லை. வயிறு பஞ்சு போல மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம் அடைக்கு ஒழுங்காய் உட்காருமா, மழையில் குஞ்சை இறக்கைக்குள் இழுக்குமா, பருந்து வந்தால் எதிர்த்துப் பாயுமா என்று பார்ப்போம். அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, ஓர் ஈடு குஞ்சு பொரித்து வளர்த்ததைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் சொல்கிற நூறு மார்க்கில் இதற்கு எத்தனை மார்க்?

பேர் எதையாவது வையுங்கள். படம் பெரிதாய்ப் போடுங்கள்.

ஒரத்தநாட்டிலிருந்து, வியாழன் மாலை

அக்கா, மூலத்தில் இடுப்பு எலும்பின் அகலமும் நெஞ்செலும்பின் நீளமும் இருக்கின்றன, பொறுக்கும் முறையில் முதலில் உடற்கட்டு, அப்புறம்தான் நிறம் என்றும் அழுத்திச் சொல்கிறார்கள். அடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்கள் சொன்னதைத் தனிப் பத்தியாகச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். தஞ்சாவூர்க்காரர் சொன்ன சேவல் கணக்கும் கட்டத்துக்குள் போகிறது.

சொல்லுக்கு வருவோம், நாளைக்கு வெள்ளி. தரம் போய்விட்டது, ஜாதியும் போய்விட்டது. தாளமானம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் போட முடியாது. மிச்சம் இலக்கணம், லட்சணம், இனவாகு. என் மனசு இனவாகு பக்கம்தான் சாய்கிறது, ஆனால் இன்று மாலை குழுவில் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன், மூன்று பேரும் 'அது என்ன?' என்றார்கள். இலக்கணம் என்றதும் ஒருத்தர் 'ஓ, லட்சணமா' என்றார். அதுவே போதும் என்று தோன்றுகிறது. 'இன இலக்கணம்' என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் 'லட்சணம் என்று நாம் சொல்வது' என ஒரு வாக்கியம் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, வியாழன் இரவு

எப்படியோ லட்சணம் உள்ளே வந்துவிட்டது. சரி.

சுவாமிமலையிலிருந்து, வியாழன் இரவு

சரி.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் இரவு

எனக்கும் சம்மதம். இன்னும் ஒரு நாள் போனால் ஐயா வாரணத்தை அனுப்பிவிடுவார்.

மயிலாடுதுறையிலிருந்து, வியாழன் இரவு

எனக்குச் சம்மதம் இல்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். உடல்வாகு தெரிந்தவருக்கு இனவாகு ஒரு வகுப்பில் பழகிவிடும். மூன்று பேர் முதல் தடவை கேட்டு விழித்ததை வைத்து ஒரு சொல்லைத் தள்ளினால் பேருந்து, மின்னஞ்சல் எதுவும் வந்திருக்காது. இரண்டாம் பதிப்பு வந்தால் மறுபடி கேட்பேன்.

கும்பகோணத்திலிருந்து, வெள்ளி விடியற்காலை

இன இலக்கணம் நின்றதில் மகிழ்ச்சி. ஆனால் அம்மா, நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் படித்தேன், பொருந்தாத கோழியை நீக்குவதற்குக் 'கழித்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். கழித்தல் கணக்குப் பாடம் அல்லவா? நெல் விதைப்பண்ணையில் வேற்று ரகத்தைப் பிடுங்கி எடுப்பதைக் கலவன் நீக்குதல் என்கிறார்கள், நம் வயலிலேயே விளைந்த சொல்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, வெள்ளி

ஐயா, கலவனைப் பிடுங்கி வரப்பில் போடுவோம். கழித்த கோழியைக் குழம்பு வைப்போம். இரண்டும் ஒன்றா?