பெட்டி டேவிஸ் – ஜோன் கிராஃபர்ட் சண்டை: எதை நம்பலாம்?

கேள்வி:
பழைய ஹாலிவுட் நடிகைகளான பெட்டி டேவிஸும் ஜோன் கிராஃபர்டும் முப்பது வருஷம் ஒரே வேடங்களுக்காக அடித்துக்கொண்டார்கள் என்று யூடியூபில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. 1963 ஆஸ்கரில் டேவிஸுக்கு வரவேண்டிய சிலையை கிராஃபர்ட் பறித்தார் என்றும் சொல்கிறார்கள். எவ்வளவு உண்மை? 1962இல் இருவரும் சேர்ந்து நடித்த 'வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்?' படத்துக்கு அடுத்து, 1964 படத்தில் கிராஃபர்ட் இடத்துக்கு நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் எப்படி வந்தார்?

பதில் 1:
இந்த மாதிரிக் கதை எது கேட்டாலும், அந்த வருஷம் யார் எந்த ஸ்டுடியோவில் சம்பளம் வாங்கினார் என்று முதலில் பாருங்கள். கிராஃபர்ட் 1925 முதல் 1943 வரை எம்ஜிஎம். டேவிஸ் 1932 முதல் வார்னர். வேடத்தை ஒதுக்கியது ஸ்டுடியோ, நடிகை அல்ல. அதனால் 1943க்கு முந்தைய "ஒரே வேடத்துக்குப் போட்டி" கதைகளை நம்பாதீர்கள். கிராஃபர்ட் வார்னருக்கு வந்த பிறகுதான் இருவரும் ஒரே கூரையின் கீழ். 1949இல் டேவிஸ் விலகிவிட்டார். ஆக ஆறு வருஷம்.

1963 விஷயம்: சிறந்த நடிகைக்கான சிலை ஆன் பேன்கிராஃப்ட் என்ற நடிகையுடையது. அவர் நியூயார்க்கில் நாடகத்தில் இருந்தார். விழாவுக்கு வர முடியாதவர் சார்பில் இன்னொருவர் வாங்கலாம். கிராஃபர்ட் போட்டியிலேயே இல்லை. டேவிஸைத் தவிர்த்து மற்ற நடிகைகளிடம் "நீங்கள் வராவிட்டால் நான் வாங்குகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பறிக்கவில்லை, ஆனால் குத்திக்காட்டத்தான் செய்தார். டேவிஸ் ஜெயித்திருந்தால் அது மூன்றாவது ஆஸ்கர். அதுவரை எந்த நடிகைக்கும் மூன்று கிடைத்ததில்லை. வலித்ததற்குக் காரணம் அது.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு சேர்ப்பு: 1962க்கு முன்பே இருவரும் ஒரு படத்தில் உண்டு. 1944இல் வார்னர் எடுத்த 'ஹாலிவுட் கான்டீன்'. இருவரும் தாங்களாகவே தலைகாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஒலிவியா பற்றி. 1964 படமான 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்'டின் வெளிப்புறக் காட்சிகள் லூசியானாவில் நடந்தன. திரும்பி வந்த கிராஃபர்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், படப்பிடிப்பு நின்றது. இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச் ஸ்விட்சர்லாந்துக்கே பறந்துபோய் ஒலிவியாவைச் சம்மதிக்க வைத்தார். டேவிஸுக்கும் ஒலிவியாவுக்கும் வார்னர் நாட்களிலிருந்தே சிநேகம். 1942இல் ஒரு படத்தில் அக்கா தங்கையாகவே நடித்தவர்கள்.

இந்தச் சிநேகம் புரிய அன்றைய ஒப்பந்தம் தெரிய வேண்டும். 52 வாரம், அப்படி ஏழு தடவை. ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பதா அனுப்புவதா என்று முடிவுசெய்வது ஸ்டுடியோ மட்டுமே. கொடுத்த வேடத்தை மறுத்தால் சஸ்பென்ஷன்: சம்பளம் கிடையாது, அந்த வாரங்கள் கடைசியில் சேர்ந்துகொள்ளும். ஏழு வருஷம் இப்படித்தான் ஏழரை ஆனது. டேவிஸ் 1936இல் இங்கிலாந்துக்குப் போய்ப் படமெடுக்கப் பார்த்தார்; வார்னர் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 1943இல் ஒலிவியா கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். ஏழு வருஷம் என்றால் காலண்டர்படி ஏழு வருஷம், சஸ்பென்ஷனைக் கூட்டக்கூடாது என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பானது. டேவிஸ் தோற்ற சண்டையை ஜெயித்தவர் ஒலிவியா. அந்தத் தீர்ப்புக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி! அப்படியானால் ஒலிவியாவுக்கும் தங்கை ஜோன் ஃபான்டெய்னுக்கும் இருந்த பகையும் ஊதிப் பெருக்கியதுதானா?

பதில் 3:
இல்லை, அது நிஜம். ஆனால் தேதிகளைக் குழப்பிவிடுகிறார்கள். 1942 விழாவில் இருவர் பெயரும் பட்டியலில்; ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்; தங்கை ஜெயித்தார். வாழ்த்த நீட்டிய கையை அக்கா தவிர்த்தது அன்றல்ல, ஒலிவியா ஜெயித்த 1947இல். புகைப்படம் இருக்கிறது. 1975இல் தாய் இறந்ததையொட்டி உறவு அநேகமாக அறுந்தது.

யூடியூப் வசனங்களில் பல, டேவிஸ் – கிராஃபர்ட் சண்டையை வைத்து 2017இல் வந்த 'ஃபியூட்' டிவி தொடரிலிருந்து எடுத்தவை. அதில் ஒலிவியா பேட்டி கொடுப்பதுபோல் வரும் காட்சிகள் கற்பனை. தங்கையைத் தரக்குறைவாகத் தான் பேசியதாகக் காட்டினார்கள் என்று, 101 வயது நிறைவதற்கு முந்தின நாள் அவர் வழக்குப் போட்டார். 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்தக் காட்சிகளை ஆதாரமாக யாராவது காட்டினால் ஏற்காதீர்கள்.