மறு: மறு: பெர்சனல் பிராண்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> மாணவர்கள் வலைப்பதிவு எழுதித் தங்கள் பெர்சனல் பிராண்டை வளர்த்துக்கொள்வது பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'தனிநபர் வணிகச்சின்னம்' என்று போட்டால் சோப்பு விற்கிற மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

நண்பர்களே,

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இதுவரை வந்தவை தனிமுத்திரை, ஆளுமைச்சின்னம், தன்னடையாளம், அப்புறம் புணர்ச்சி விதியில் கெட்டிக்காரரான ஒருவர் போட்ட 'தன் + குறி = தற்குறி'. கடைசியை அவர் குறும்புக்குத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர் அதற்குப் பதிலாக இடும் கீறலுக்குத் தற்குறி என்று பேர், பிறகு அந்த ஆளுக்கே அது பேராகிவிட்டது. எழுதி எழுதிப் பேர் வாங்கப் பார்க்கிற பிள்ளையைப் போய் அப்படிக் கூப்பிடுவதா? விதி சரி, விளைவுதான் விபரீதம்.

மற்ற மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். எல்லாமே பிராண்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஓடுகின்றன. அந்தச் சொல்லின் வேர் நெருப்பு. காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் போடும் சூடுதான் பிராண்ட், அதிலிருந்து சரக்கின் மேல் இடும் குறியாகி, கடைசியில் சரக்கின் பெயராகவே ஆயிற்று. நாமும் முத்திரை, சின்னம், குறி என்று அந்த இரும்பையே வேறு வேறு கைப்பிடி போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிளாக் (blog) என்ற சொல்லுக்கு நாம் இப்படிச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் இருக்கும் லாக் (log) என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த கட்டை. அந்தக் கணக்கை எழுதி வைத்த ஏடு லாக்புக் ஆனது, 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் தன் இணையக் குறிப்புகளுக்கு வெப்லாக் என்று பேர் வைத்தார், 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக 'வீ பிளாக்' என்று உடைத்துப் போட்டதில் பிளாக் மட்டும் மிஞ்சியது. இத்தனை கதை இருந்தும் தமிழில் யாரும் வலைக்கட்டை என்று சொல்லவில்லை. அந்தப் பொருள் செய்கிற வேலையைப் பார்த்து வலைப்பதிவு என்றோம். அதோடு கூடவே வந்த வலைப்பூ அழகான சொல்தான், ஆனால் குட்டி போடவில்லை. பதிவிலிருந்து வலைப்பதிவர் வந்தார், பதிவிடுதல் வந்தது, 'நேற்று ஒரு பதிவு போட்டேன்' என்று பேச்சிலும் நுழைந்தது. வலைப்பூ எழுதுகிறவரை என்னவென்று கூப்பிடுவது, பூக்காரர் என்றா?

சரி, அப்படியானால் பெர்சனல் பிராண்ட் செய்கிற வேலை என்ன? வெப்லாக் பிறந்த அதே 1997இல்தான் மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் ஃபாஸ்ட் கம்பெனி என்ற வணிக இதழில், ஒவ்வொருவரும் தன்னையே ஒரு பிராண்டாக நினைத்து நடத்த வேண்டும் என்று எழுதி இந்த எண்ணத்தைப் பரப்பினார். அது வேலையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொன்னது. மாணவரிடம் விற்கச் சரக்கு ஏது? கற்றுக்கொண்டிருப்பதுதான் இருக்கிறது. ஆகவே கையேட்டில் 'உங்களை விளம்பரப்படுத்துங்கள்' என்ற தொனி வந்தால் பிள்ளைகள் முதல் பதிவிலேயே நிபுணர் வேஷம் கட்டிவிடுவார்கள், அதைப் படிக்கவும் ஆள் இருக்காது.

நான் சில வருடங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருந்தவன். 'டேட்டாபேஸ் தெரியும்' என்ற வரி இல்லாத விண்ணப்பமே கிடையாது. ஒரு பெண் மட்டும் தன் வலைப்பதிவின் முகவரியைக் கொடுத்திருந்தார். மொத்தம் பதினொரு பதிவுகள்தான். அதில் ஒன்று, இரண்டு அட்டவணைகளைத் தப்பாக இணைத்ததால் ஒரே வரி நாலு தடவை வந்து, அது ஏன் என்று கண்டுபிடிக்கப் பாதி நாள் போன கதை. கீழே இரண்டு மாதம் கழித்து, தான் சொன்ன விளக்கத்திலேயே ஒரு பிழை இருக்கிறது என்று தேதியோடு திருத்தம் போட்டிருந்தார். எங்களுக்கு அந்தத் திருத்தம் ஒன்றே போதும். இன்றைக்கும் அவரை அந்தக் குழுவில் 'திருத்தம் போட்ட பொண்ணு' என்றால்தான் தெரியும். அந்தப் பேரை அவர் வைத்துக்கொள்ளவில்லை, நாங்கள் வைத்தோம்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றிய இணையச் செய்திக்குழுவில், சும்மா பொழுதுபோக்குக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் வராது, உங்களுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று ஒரு மடல் போட்டார். (வலைப்பதிவு இல்லைதான், ஆனால் ஒரு மாணவர் தன் அரைகுறை வேலையைப் பொதுவில் வைத்தார் என்ற அளவில் அதேதான்.) அவர் வைக்க நினைத்த பெயர் ஃப்ரீக்ஸ். சர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கேதான் லினக்ஸ் என்று போட்டார். முத்திரை நாமே குத்துவது. பெயர் அடுத்தவர் வாயிலிருந்து வருவது. பள்ளி இலக்கணத்தில் படித்த இடுகுறிப்பெயர், காரணப்பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்த பெயர் ஏறக்குறைய இடுகுறிதான், எழுத எழுத அதற்கு ஒரு காரணம் சேர்கிறது.

ஆகவே நான் முன்வைக்கும் சொல்: தேடுபெயர்.

தேடு என்றால் துழாவுவது மட்டும் இல்லை, சம்பாதிப்பதும்தான். தேடிய செல்வம் என்கிறோம், ஈட்டியதற்குத் தேட்டம் என்றே ஒரு சொல் உண்டு. தேடுபொறி ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் காதுக்கும் புதிதில்லை. வினைத்தொகை என்பதால் தேடிய பெயர், தேடுகிற பெயர், தேடும் பெயர் மூன்றும் அதற்குள் அடங்கும்: மாணவர் எழுதிச் சம்பாதித்தது, இன்று யாரோ தேடுபொறியில் தட்டிப் பார்ப்பது, நாளைக்கு ஆள் தேடும்போது நினைவுக்கு வரப்போவது. பெர்சனல் பிராண்டிங் என்ற செயலுக்குப் பெயர்தேடல் என்று வைத்துக்கொள்ளலாம். பேர் எடுத்தான், பேர் கெட்டது, பேர் போன என்று பேச்சில் இருக்கும் வினைகளெல்லாம் இலவசமாகக் கூடவே வரும். தனிமுத்திரைக்குப் 'பதித்தல்' ஒன்றுதான் உண்டு, அதுவும் விருது விழா மேடையில்தான் கேட்கிறது.

கையேட்டுக்கு இன்னொன்று. பெயர் என்று எடுத்துக்கொண்டால் இணைய முகவரியைப் பற்றிய அத்தியாயமும் தானாக ஒட்டிக்கொள்ளும். இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல். அங்கே எழுதியவர்களின் பக்கங்களும் அதோடு போயின. சொந்த டொமைன் பெயரில் எழுதி, ஒரு நகலைத் தன் கணினியிலும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.

*

> தேடுபெயர் என்றதும் எனக்குக் காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் 'தேடப்படுபவர்' படம்தான் ஞாபகம் வந்தது. மன்னிக்கவும். தவிர, கெட்ட பேரும் தேடுபெயர்தானா?

ஐயா, சிரித்துவிட்டேன். முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை, பழகினால் போய்விடும் என்று வேண்டுமானால் சொல்லலாம். தேடுபொறியைக் கேட்டு யாரும் எலிப்பொறியை நினைப்பதில்லையே.

இரண்டாவது நல்ல கேள்வி. ஆம், கெட்ட பேரும் அதில் அடங்கத்தான் வேண்டும். பதினெட்டு வயதில் கோபத்தில் எழுதிய பதிவும், அடுத்தவர் கட்டுரையை அப்படியே எடுத்து ஒட்டியதும், அதே பெயரைத் தட்டினால் அதே பக்கத்தில்தான் வந்து நிற்கும். நற்பெயர் என்ற சொல்லை நான் ஒதுக்கியதற்கு இதுதான் காரணம். பிராண்ட் என்ற சொல்லும் நல்லதை மட்டும் குறிப்பதில்லை.

கையேடு எழுதுகிறவருக்கு: முதல் இடத்தில் மட்டும் 'பெர்சனல் பிராண்ட் எனப்படும் தேடுபெயர்' என்று போட்டுவிட்டு மேலே போங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் நாலைந்து மாணவர்களிடம், சொல்லை விளக்காமல், அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்துப் பாருங்கள். அவர்களும் போலீஸ் படத்தைச் சொன்னால் நான் தனிமுத்திரைக்கே வந்துவிடுகிறேன்.

ரீபிராண்டிங் பாக்கி இருக்கிறது. மறுபெயர்தேடல் என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. யாராவது கை கொடுங்கள்.