பொருள்: ‘ஆக்டிவ் லேர்னிங்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். இணையவழியில் கல்லூரிப் பாடம் நடத்துவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பத்து நிமிடம் பாடம், பிறகு ஒரு கேள்வி. தனியே யோசி, இருவராகப் பேசு, எல்லோருக்கும் சொல். இதுதான் ‘ஆக்டிவ் லேர்னிங்’ முறை. ‘செயல்வழிக் கற்றல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வாத்தியார்:
வேண்டாம் அம்மா. அது 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய தொடக்கப்பள்ளி முறையின் பெயர். படித்ததும் அட்டையும் கற்றல் ஏணியும்தான் கண்ணுக்கு முன் வரும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ‘ஆக்டிவ் லேர்னிங்’ வந்தபோது ‘படைப்பாற்றல் கல்வி’ என்றார்கள். மனவரைபடம் வரைந்தே மணியடித்துவிடும். அந்தப் பெயரும் உங்களுக்கு ஆகாது.

வேர்ச்சொல் ஐயா:
கற்றலுக்கு முன்னால் எதற்கு ஒட்டு? கல்லுதல் என்றால் தோண்டுதல். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ (குறள் 396) சும்மாவா வந்தது? தோண்டாதவன் கற்கவே இல்லை. செயல் வேரிலேயே இருக்கிறது. கலப்பையும் இதே வேர் என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அடுத்த பத்தியிலேயே ‘பேசிவ் லேர்னிங்’ வருகிறது. ‘தோண்டாத் தோண்டல்’ என்று போடட்டுமா?

யாழ்ப்பாணத்து அக்கா:
‘முனைப்புக் கற்றல்’ எண்டு போடலாமே? அதோட ‘இணையவழி’ ஏன்? நாங்கள் ‘நிகழ்நிலை’ எண்டுதான் எழுதுறம்.

வாத்தியார்:
முனைப்பு என்றதும் இங்கே தன்முனைப்புதான் நினைவுக்கு வரும். (நிகழ்நிலையா, இயங்கலையா என்று மறுபடி தொடங்காதீர்கள். போன தடவை அறுபது மடல் ஓடியது.)

இலக்கணத் தம்பி:
பவணந்தியார் இருக்க நாம் ஏன் அலைகிறோம்? ‘அம்மாண்புடையோர் தம்மொடு பயிறல், வினாதல், வினாயவை விடுத்தல்’. நன்னூல் 41. ‘ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூ றல்லது பற்றலன் ஆகும்’ என்றும் சொல்கிறார். முழுக் கவனத்தோடு கேட்டாலும் கால்பங்குதான்! உடன்படிப்பவரோடு பயின்றால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை. என் ஓட்டு ‘உடன்பயில்வு’க்கு.

மொழிபெயர்ப்பாளர்:
அழகான சொல். ஆனால் ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த, மாணவர் மாணவருக்கு விளக்கும் முறைக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அங்கே வைத்துக்கொள்கிறேன். தனியே யோசிப்பதும் ‘ஆக்டிவ்’தானே, தம்பி? அதற்கு ‘உடன்’ பொருந்தவில்லை.

வேர்ச்சொல் ஐயா:
சரி, ‘உசாவற்கல்வி’. கேட்டு ஆராய்ந்து கற்பது.

வாத்தியார்:
என் பி.காம். இரண்டாமாண்டுப் பிள்ளைகள் “உசாவல்னா என்ன சார்?” என்று கேட்பார்கள். கேட்டால்கூட மகிழ்ச்சிதான். இருபது பேர் கேமராவை அணைத்துவிட்டுப் பேருந்தில் போய்க்கொண்டிருப்பார்கள். கடைமாணாக்கனுக்கு நன்னூல் உவமை சொன்ன இல்லிக்குடத்துக்காவது ஓட்டை தெரியும். இங்கே குடமே தெரியவில்லை. சொல் புரியாவிட்டால் ஆசிரியர்களே கையேட்டை மூடிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்து அக்கா:
நிகழ்நிலை வகுப்பில நாலைஞ்சு பேராப் பிரிச்சு விடுற அந்தச் சின்ன அறைக்கு என்ன சொல்?

இலக்கணத் தம்பி:
திண்ணை.

வாத்தியார்:
ஆகா! “மூன்றாம் திண்ணைக்குப் போ.” நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். சட்டாம்பிள்ளை யார் என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
திண்ணைக்கு எல்லோரும் ஒரே குரல். நான் கேட்டதோ வேறு. மணி பதினொன்று. ‘பங்கேற்புக் கற்றல்’ என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ‘ஆக்டிவ் லேர்னிங்’ என்றும் இருக்கும். மறுப்பு உண்டா?

வாத்தியார்:
இல்லை. தூக்கம் வருகிறது.

இலக்கணத் தம்பி:
கையேட்டில் ‘பார்ட்டிசிபேட்டரி லேர்னிங்’ வந்தால் அதற்கு என்ன செய்வீர்கள்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

வேர்ச்சொல் ஐயா:
‘பங்கு’ என்பது ‘பகு’வில் பிறந்ததா, வடமொழிப் ‘பங்க’மா? காலையில் எழுதுகிறேன். அதுவரை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.