வளவில் தொங்கும் சீமை மாளிகைப் படம்: மரக்கட்டை அச்சா, லித்தோவா?

கானாடுகாத்தான் ஆச்சி:

வளவுச் சுவரில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ரவிவர்மா படங்களோடு வரிசையாக இருந்த ஒரு சின்ன வண்ணப்படம். சீமை மாளிகை ஒன்று, முன்னால் புல்வெளி, ஓரத்தில் மரங்கள், கீழே கொஞ்சம் தண்ணீர். படம் மட்டும் 8 அங்குல அகலம், உயரம் 6 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அடியில் நடுவாக மாளிகையின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கையெழுத்து, எண், ஆண்டு எதுவும் இல்லை. பர்மா தேக்கு பிரேம். பின்னால் இரண்டு மெல்லிய பலகை வைத்து, மேலே பழுப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளில் பிரேம் போட்ட கடையின் சீட்டு பாதி மிச்சம் இருக்கிறது.

கோளாறுகள்: வானப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு பழுப்புப் புள்ளி. படத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மங்கல் கோடு. இடது கீழ்மூலை கண்ணாடியோடு ஒட்டியது போலத் தெரிகிறது. வலது ஓரத்தில் பூச்சி மேய்ந்த தடம்.

பழைய சாமான் விற்பவர்கள் பார்த்துவிட்டு லித்தோ என்கிறார்கள். மரக்கட்டை என்றால் ஜப்பான் படமாகத்தான் இருக்கும் என்று இன்னொரு பேச்சு. எது சரி? எப்படிச் சுத்தம் செய்வது? சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கேட்கிறான், அனுப்பலாமா?

அச்சுக்கட்டை:

ஆச்சி, முதலில் நகை ஆசாரி வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கண்ணாடி மேலேயே வைத்துப் பார்க்கலாம், பிரேமைத் திறக்க வேண்டாம். பக்கத்தில் உங்கள் ரவிவர்மா படம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தின் படங்கள் கல்லச்சு, அதாவது தட்டையான கல்லிலிருந்து எடுக்கும் லித்தோ. ஒப்பிட அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

லித்தோவில் முகமோ புடவையோ நிழலாக மாறும் இடத்தில் ஒழுங்கில்லாத பொடிப் புள்ளிகள் தெரியும், மணலைத் தூவியது போல. ஒவ்வொரு புள்ளியிலும் மை ஒரே சீராகத் தட்டையாக இருக்கும். மரக்கட்டை அச்சு மேடெழுத்து முறை. மை தடவிய மேடு தாளில் அழுந்துகிறது. ரப்பர் ஸ்டாம்பு குத்தினால் ஓரத்தில் மை ஒதுங்கி நடுவில் வெளிறுமே, அதே கதைதான். ஒரு மரக்கிளையின் கோட்டை லென்ஸில் பாருங்கள். விளிம்பில் கரைகட்டி, நடுவில் கொஞ்சம் வெளுத்திருந்தால் மரக்கட்டை. நிழல் பகுதிகளும் உளியால் கீறிய இணைகோடுகளாக, நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கீறல்களாக இருக்கும். ரோஜாப்பூ வட்டமாகச் சின்னப் புள்ளிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சு, மேலே யோசிக்க வேண்டாம். படத்தைச் சுற்றி நீள்சதுரமாகத் தாள் அமுங்கிய தடம் இருந்து, கோடுகள் முடி போல மெலிதாக இருந்தால் அது செம்பு அல்லது எஃகுத் தகட்டு அச்சு, நிறம் பிறகு கையால் பூசியது.

ஜப்பான் பேச்சை விடுங்கள். அங்கே பலகையின் நீளவாட்டத்தில் செதுக்கி, நீரில் கரையும் நிறங்களைத் தூரிகையால் தடவி, தாளின் முதுகைக் கையால் தேய்த்து எடுப்பார்கள். சில படங்களில் மரத்தின் வரியே வானத்தில் தெரியும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் செய்தது வேறு. பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டு முகத்தில் உலோகத்துக்கான உளியால் செதுக்குவார்கள். அந்த மரம் பருக்காது. அதனால் பெரிய படத்துக்குச் சின்னக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைப்பார்கள். இணைப்பு லேசாக நெகிழ்ந்தால் அச்சில் மெல்லிய வெள்ளைக்கோடு விழும். நிறத்துக்கு ஒரு கட்டை, எண்ணெய் மை.

நீங்கள் சொல்லும் அளவு, அடியில் பெரிய எழுத்தில் பெயர், கையெழுத்தின்மை மூன்றும் சேர்ந்தால் என் முதல் ஊகம் எஃப். ஓ. மாரிஸ் பாதிரியார் தொகுத்த பிரபுக்கள் மாளிகைத் தொடரின் ஏடு. 1866க்கும் 1880க்கும் இடையில் பாகம் பாகமாக வந்தது. படங்களை வரைந்தவர் ஏ. எஃப். லைடன். அச்சிட்டவர் யார்க்ஷயரில் டிரிஃபீல்டு என்ற சின்ன ஊரில் இருந்த பெஞ்சமின் ஃபாசெட். அந்தச் சின்ன ஊரில் இருந்துகொண்டே அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வண்ணக் கட்டை அச்சுகளை எடுத்தவர் என்பது என் கட்சி. புத்தகங்களைப் பிரித்து ஏடு ஏடாக விற்றுவிட்டதால் உதிரிகள் நிறையவே உலவுகின்றன. சீமையிலேயே பல வியாபாரிகள் இவற்றுக்கு லித்தோ என்றுதான் சீட்டு ஒட்டுகிறார்கள், உள்ளூர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே மாளிகைகளைப் பலர் பல முறைகளில் அச்சிட்டிருக்கிறார்கள். ஜார்ஜ் பாக்ஸ்டர் 1835இல் காப்புரிமை வாங்கிய முறையில் அடிப்படம் உலோகத் தகட்டில், நிறங்கள் மட்டும் பெரும்பாலும் மரக்கட்டையில்.

கானாடுகாத்தான் ஆச்சி:

அண்ணே, லென்ஸில் பார்த்தாச்சு. கிளைகளில் ஓரம் கருத்து நடு வெளுத்திருக்கிறது. புல்வெளியில் பச்சைக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தவை. கூரையின் செங்கல் நிறம் வலதுபக்கம் முடி அளவு வெளியே வழிந்து வானத்தில் ஏறியிருக்கிறது. புல்வெளி பச்சையை விட நீலமாகத் தெரிகிறது. ரவிவர்மா படம் முழுக்க மணல்தான்.

அச்சுக்கட்டை:

அப்படியானால் மரக்கட்டை, சந்தேகம் வேண்டாம். கூரை நிறம் தள்ளியிருப்பது ஒரு கட்டையும் அடுத்த கட்டையும் இம்மி பிசகியதால். அது பழுதல்ல, அச்சின் கைரேகை. நீலப்புல்லுக்குக் காரணம் வெளிச்சம். பச்சையில் கலந்த மஞ்சள் முதலில் வெளுத்துவிடும், நீலம் தங்கிவிடும். போன மஞ்சளைத் திருப்ப வழியில்லை. யாராவது "டச்சப்" செய்து தருகிறேன் என்றால் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

காகித வைத்தியம்:

நடுவில் ஓடும் மங்கல் கோடுதான் எனக்கு முக்கியம். பின்பலகைகள் இரண்டும் சேரும் இடத்தை அளந்து பாருங்கள், கோடு அதே இடத்தில்தான் இருக்கும். இடைவெளி வழியாகத் தூசியும் ஈரக்காற்றும் பல வருஷம் நுழைந்த கறை அது. பலகையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே திறந்துதான் ஆக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திறக்காதீர்கள். மாசி, பங்குனியில் காய்ந்த நாள் பார்த்துச் செய்யுங்கள். மேசையில் துண்டு விரித்துப் படத்தைக் குப்புற வையுங்கள். கடைச் சீட்டைச் சுற்றி ஒரு அங்குலம் விட்டுப் பழுப்புத்தாளை பிளேடால் அறுத்து எடுத்துத் தனியாக ஒரு உறையில் போடுங்கள். ஆணிகளைக் குறட்டால் நேராக இழுங்கள், சுத்தியல் தட்டினால் கண்ணாடி விரியும். பலகையை எடுத்ததும் படத்தைத் தூக்காதீர்கள். தாளின் முனைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து எதுவரை தடையில்லாமல் போகிறது என்று பாருங்கள். இடது மூலையில் நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கண்ணாடியோடு சேர்த்தே சுத்தமான அட்டையில் வைத்துக் கட்டி, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். பெங்களூரில் கலைப்பொருள் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் மையம் இருக்கிறது. நீராவி காட்டிப் பிரிக்கலாம் என்பார்கள். காட்டினால் தாள் வந்துவிடும், அந்த மூலையின் மை கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

ஒட்டவில்லை என்றால் வீட்டில் செய்யக்கூடியது உலர் சுத்தம் மட்டும். அகலமான மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தட்டுங்கள். ஓர வெள்ளைப் பகுதியில் அழுக்கிருந்தால் வெள்ளை வினைல் அழிரப்பரைத் துருவலில் துருவி, அந்தத் தூளை விரல் நுனியால் அழுத்தாமல் சுழற்றி, துடைத்து எறியுங்கள். அச்சு மேல் இதைச் செய்யக்கூடாது. எண்ணெய் மைதான் என்றாலும் சில ஏடுகளில் நீர்வண்ணத்தால் கையால் தொட்டு முடித்திருப்பார்கள், அது தேய்த்தால் வரும், தண்ணீர் பட்டாலும் வரும்.

பழுப்புப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். ஈரம், பூஞ்சை, தாளுக்குள் இருக்கும் இரும்புத் துகள் இவற்றால் வருவது, துடைத்தால் போகாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் தொட்டு வைப்பவர்கள் உண்டு. புள்ளி மறைந்து நாளடைவில் தாள் அந்த இடத்தில் பொடியும். பூச்சி மேய்ந்தது ராமபாணம். உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால் மட்டும், கண்ணாடி இல்லாத வெறும் ஏட்டை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஜிப் கவரில் காற்றில்லாமல் மூடி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் கவரைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வெளியில் வையுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் தண்ணீர் பூக்கும்.

வசம்பு, அந்துருண்டை எதையும் பிரேமுக்குள் போட வேண்டாம். ஏட்டுச்சுவடிக்குச் சரியாக வரும் வைத்தியம் எல்லாம் அச்சுத்தாளுக்குச் சரியாக வராது.

சட்டக்காரர் (பிரேம் மட்டும்தான், கோர்ட்டு இல்லை):

பழைய பலகையை மாற்றுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பலகையும் சீட்டும் சேர்ந்துதான் அந்தப் படத்தின் பிறப்புச் சான்று.

காகித வைத்தியம்:

தூக்கி எறியச் சொல்லவில்லையே அண்ணே. பின்பக்கம் பென்சிலால் குறித்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். படத்தோடு ஒட்டி இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சட்டக்காரர்:

அப்படியென்றால் சரி. தேக்கு பிரேம் அப்படியே இருக்கட்டும், புது வார்னிஷ் வேண்டாம். பிரேமின் பின்னால் கண்ணாடியும் படமும் உட்காரும் உட்பள்ளத்தின் ஆழத்தை முதலில் அளங்கள். கண்ணாடி 2 மி.மீ., ஜன்னல் வெட்டிய மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) 2 மி.மீ., பின் மவுண்ட் 2 மி.மீ., பின்தட்டு 3 மி.மீ., ஆக 9 மி.மீ. வேண்டும். பழைய பிரேமில் பெரும்பாலும் 6, 7தான் இருக்கும். பிதுக்கி அடித்தால் படம் மறுபடி கண்ணாடியில் ஒட்டும். பிரேமின் முதுகில் கால் அங்குலச் சட்டம் நான்கு பக்கமும் ஒட்டி ஆழம் கூட்டிக்கொள்ளுங்கள், முன்னால் பார்த்தால் தெரியாது. மவுண்ட் போர்டு அமிலமில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண போர்டை வெட்டினால் ஜன்னல் ஓரம் சில வருஷத்தில் பழுத்துவிடும், அந்தப் பழுப்பு படத்தில் இறங்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். பைண்டிங் கடை மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும், அது தாளைத் தின்னும். அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுப்பது போலவே இதற்கும். மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசினால் ரப்பர் போல ஒன்று கையில் நிற்கும், அதை எறியுங்கள். பாலை இரவு தெளியவிட்டு மேல்தண்ணீரை இறுத்து, இப்படி மூன்று முறை. அடியில் நிற்கும் வெள்ளை மாவைக் காயவைத்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் அரைமணி நேரம் கிளறினால் கண்ணாடி போல வரும். ஆறியதும் துணியில் பிழிந்து, தயிர் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். நாலைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

ஜப்பான் டிஷ்யூ தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து, அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலத் துண்டு இரண்டு. படத்தின் மேல்விளிம்பில் மட்டும் பின்பக்கம் ஒட்டி, மறுமுனையைப் பின் மவுண்டில் ஒட்டித் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாக எழும்.

மாட்டும் இடம்: முற்றத்து வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், வெளிச்சுவரும் வேண்டாம். இரண்டாங்கட்டுப் பக்கம் உட்சுவர் நல்லது. முட்டை வெள்ளைக்கரு பூசிய சுண்ணாம்புச் சுவர் பளபளவென்று இருந்தாலும் மழையில் ஈரம் வாங்கும். நம் வீடுகளில் படங்களை உச்சியில் முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்களே, அது கும்பிட வசதிக்காக மட்டும் இல்லை, பின்னால் காற்றும் ஓடும். நேராகத்தான் மாட்டுவேன் என்றால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டுங்கள்.

அச்சுக்கட்டை:

சிங்கப்பூர் விஷயம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சீமையில் அச்சிட்டது என்பதால் தானாக விலக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்று கிடைத்தால்தான் பெட்டியில் வைக்கலாம். சந்தையில் இந்த ஏடுகள் பெரிய விலைக்குப் போவதும் இல்லை, உங்கள் தேக்கு பிரேமுக்கே கூடக் கேட்பார்கள். தம்பிக்கு நல்ல ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். பிரேமிலிருந்து வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஸ்கேனர் மூடியை அழுத்தாமல். பின்பக்கத்தையும் ஒரு முறை.

கானாடுகாத்தான் ஆச்சி:

பலகை இடைவெளியை அளந்தேன், மங்கல் கோடு அதே இடம்தான். உட்பள்ளம் 6 மி.மீ. மாசியில் திறக்கிறேன். மூலை ஒட்டியிருந்தால் அப்படியே கட்டி பெங்களூருக்கு.