கம்பெனி சர்வர்ல ஓஎஸ் அப்கிரேடு: முன்கூட்டியே பாக்க வேண்டியது – அனுபவப் பகிர்வு

திருப்பூர் ஓவர்லாக்

விண்டோஸ் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கற திருத்தம்) குடுக்கறது 2027 ஜனவரி 12-ஓட நிக்குதுங்க. 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர்லயே முடிஞ்சுது, காசு கட்டி வாங்கற நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைக்குந்தான். பனியன் கம்பெனி, சைசிங் மில், லாரி ஆபீஸ்னு நம்ம பக்கம் இந்த ரெண்டும் இன்னும் நெறைய எடத்துல ஓடுது. அவங்கவங்க பாத்த சிக்கலை இங்க போடுங்க. நான் நாள் குறிக்கறதுல ஆரம்பிக்கறேன்.

திருப்பூர்ல சனிக்கிழமை வாரக்கூலி. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். இதை ஒட்டின எந்த நாளும் ஆகாது. சனி ராத்திரி கூலி போட்டு முடிச்சதும் பேக்கப், ஞாயிறு காலைல அப்கிரேடு. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் சரியாகலீன்னா பேசாம பழசுக்கே திரும்பிருங்க. 600 ஜிபி இமேஜை (முழு சர்வரோட நகல்) யுஎஸ்பி டிஸ்க்ல இருந்து நொடிக்கு 100 எம்பி வேகத்துல இறக்குனாலே ஒரு மணி நாப்பது நிமிஷம். பழைய டிஸ்க்ல அந்த வேகமும் வராது.

பேக்கப்னா டேலி டேட்டா ஃபோல்டரை பென் டிரைவ்ல காப்பி பண்றது இல்லீங்க. விண்டோஸ் சர்வர் பேக்கப்ல பேர்-மெட்டல் ரிகவரி (வெறும் மெஷின்லயே எல்லாத்தையும் மீட்கறது) டிக் பண்ணி முழு இமேஜ் எடுக்கோணும். எடுத்ததை ஒரு ஹைப்பர்-வி மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ள ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) ரீஸ்டோர் பண்ணி, லாகின் ஆகி, டேலில கம்பெனி திறக்குதான்னு பாத்தாத்தான் அது பேக்கப். அந்த மெஷினுக்கு நெட்வொர்க் குடுத்தராதீங்க. ஒரே பேர், ஒரே ஐபில ரெண்டு சர்வர் எந்திரிச்சா ஓடிட்டிருக்கறதும் குழம்பிரும்.

பெருந்துறை பவர்லூம்

கரண்டைப் பத்தி யாரும் பேசலியே. மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பாத்துட்டு நாள் வைங்க. யுபிஎஸ்ல பச்சை லைட் எரியுதுங்கறது ஒண்ணுக்கும் ஆகாது. மெயின்ஸ் எம்சிபியை எறக்கி, சர்வர் லோடோட இருபது நிமிஷம் ஓட விட்டு, ஒவ்வொரு பேட்டரியா மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. எல்லாம் 12 வோல்ட்டுக்கு மேல நிக்கறப்ப ஒண்ணு மட்டும் 11-க்குக் கீழ போச்சுன்னா அதான் ஆளைக் கவுக்கற பேட்டரி. கணக்கு: 12 வோல்ட், 26 ஏஎச் பேட்டரி எட்டுன்னா காகிதத்துல 2,496 வாட்-அவர். கைக்கு வர்றது 1,500-னு வெச்சுக்கங்க. 500 வாட் லோடுக்கு மூணு மணி நேரம், அதும் புது பேட்டரிக்கு.

ரெய்டு கண்ட்ரோலர் (பல டிஸ்க்கை ஒண்ணாச் சேர்த்து ஓட்டற கார்டு) மென்பொருளைத் திறந்து பிரெடிக்டிவ் ஃபெயிலியர் (சீக்கிரம் போயிரும்ங்கற எச்சரிக்கை) காட்டற டிஸ்க் இருந்தா மொதல்ல மாத்தி, ரீபில்டு முடிஞ்சப்புறம்தான் அப்கிரேடு. கேஷ் பேட்டரி செத்திருந்தா கண்ட்ரோலர் தானாவே ரைட்-த்ரூவுக்குப் (கேஷ்ல வெக்காம நேரா டிஸ்க்ல எழுதற முறை) போயிரும்; அப்கிரேடு நத்தையா நகரும், ஹேங் ஆயிருச்சுன்னு நெனச்சு யாராவது பவர் பட்டனை அமுக்குவாங்க. அத்தோட முடிஞ்சுது.

கோவை பம்ப்செட்

எதுல இருந்து எதுக்குப் போலாம்னு முதலில் தெளிவாக இருக்க வேண்டும். 2016-ல் இருந்து 2022-க்கு நேராகப் போகலாம். 2012 ஆர்2-வில் இருந்து 2022-க்கு நேர்வழி இல்லை, நடுவில் 2016 அல்லது 2019 வேண்டும். ஆனால் சர்வர் 2025, 2012 ஆர்2-வையே நேராக ஏற்கும். செட்டப்பில் "ஃபைல், ஆப் எல்லாம் வைத்துக்கொள்" என்ற வரி மங்கலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சர்வர் கோர் (திரை மெனு இல்லாதது), டெஸ்க்டாப் என்ற வகை மாறியிருக்கும், அல்லது மொழி மாறியிருக்கும். அடுத்து என்று தட்டினால் டேலி, எஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) எல்லாம் துடைத்துக்கொண்டு போகும்.

சி டிரைவில் 40 ஜிபியாவது காலி வேண்டும். ஆன்டிவைரஸை டிசேபிள் செய்தால் போதாது, அதன் ஃபில்டர் டிரைவர் (ஃபைல்களை இடைமறிக்கும் பகுதி) உள்ளேயே இருக்கும். முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க் என்கிரிப்ஷன்) இருந்தால் சஸ்பெண்ட். ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். நெட்வொர்க் டிரைவர் மாறும்போது கார்டு "ஈதர்நெட் 2" என்று புதுப் பெயரில், டிஎச்சிபி (தானாகக் கிடைக்கும்) ஐபியோடு வந்து நிற்பது சகஜம்.

டொமைன் கண்ட்ரோலரை (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்) இருந்த இடத்திலேயே அப்கிரேடு செய்யாதீர்கள். புது சர்வர் சேர்த்து, ஃபிஸ்மோ ரோல்களை (ஒரு நேரத்தில் ஒரே டொமைன் கண்ட்ரோலர் வகிக்கும் பொறுப்புகள்) நகர்த்தி, பழையதை இறக்குவதே சுத்தம். 2003 காலத்து டொமைன் என்றால் சிஸ்வால் (டொமைனின் பொது ஃபோல்டர்) இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகலெடுப்பு முறையில் ஓடலாம்; டிஎஃப்எஸ்ஆர் என்ற புது முறைக்கு மாற்றாமல் 2019-ஓ அதற்கு மேலோ சேராது. 2025-க்கு டொமைன், ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு) ஃபங்ஷனல் லெவல் (பதிப்பு நிலை) இரண்டும் 2016 ஆக வேண்டும்.

திருப்பூர் ஓவர்லாக்

ஒரே சர்வர் வெச்சு, அதுலயே டொமைனும் டேலியும் ஓட்டறவங்க என்ன பண்றதுங்க?

கோவை பம்ப்செட்

நல்ல ராம் உள்ள ஐ5 டெஸ்க்டாப்பில் ஹைப்பர்-வி போட்டு, அதில் இரண்டாவது டொமைன் கண்ட்ரோலரை எழுப்புங்கள். ரெப்ளிகேஷன் (இரண்டுக்கும் இடையே நகலெடுப்பு) சுத்தம் என்று ரெப்-அட்மின் கட்டளை காட்டிய பிறகு பழையதில் கை வையுங்கள்.

கரூர் டெக்ஸ்டைல்

ஓஎஸ் நல்லா ஏறிரும், டெலிவரி செலான் பிரிண்ட் ஆகாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 10-க்கு 12, 10-க்கு 6 இஞ்சுன்னு செஞ்சு வெச்ச ஃபார்ம் அளவெல்லாம் பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்ல ஃபார்ம்ஸ் டேப்ல இருக்குது. புதுசா இன்ஸ்டால் பண்ணுனா அது வராது. பேர், அகலம், நீளம் மூணையும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பேர்ல ஒரு எடைவெளி மாறுனாலும் பில்லிங் சாஃப்ட்வேர் ஏ4-க்குத் தாவிரும்.

எடைமேடை, யார்ன் தராசு இருக்கறவங்க யுஎஸ்பி டு சீரியல் கன்வர்ட்டரைக் கவனிங்க. பழைய ப்ரோலிஃபிக் பிஎல்2303 சிப்பா இருந்தா டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், "2012-லயே நிறுத்தியாச்சு, சப்ளையரைக் கேளு"ங்கற மாதிரி ஒரு வரி வரும். எஃப்டிடிஐ சிப் கன்வர்ட்டர் ஒண்ணு முன்னாடியே வாங்கி வெச்சு, அட்வான்ஸ்டு செட்டிங்ல பழைய காம் போர்ட் நம்பரையே குடுத்தா தராசு பேசும்.

எம்பிராய்டரி மெஷின், பழைய ஸ்கேனர், எக்ஸ்பி ஓடற சிஎன்சி இதெல்லாம் எஸ்எம்பி1 (பழைய ஃபைல் பகிர்வு முறை) ஷேர்லதான் ஃபைல் எடுக்கும். 2019-ல இருந்து புது இன்ஸ்டால்ல அது வராது. அதை மறுபடி ஆன் பண்ற வேலை வேண்டாம், வைரசுக்கு வாசல் திறந்த மாதிரி. மெஷின்களுக்குத் தனி பிசி ஒண்ணு ஒதுக்கி, மெயின் நெட்வொர்க்ல இருந்து பிரிச்சு விடுங்க. 2025-ல இன்னொண்ணு: சர்வர் வெளிய எந்த ஷேருக்குப் போனாலும் சைனிங் (டிஜிட்டல் கையெழுத்து) கேக்கும். அது தெரியாத பழைய நாஸ் பாக்ஸுக்குப் (நெட்வொர்க் டிஸ்க் பெட்டி) போற ராத்திரி பேக்கப் சத்தமில்லாம நின்னுரும்.

நாமக்கல் லோடு

புதுசா இன்ஸ்டால் பண்றதா இருந்தா டேலி லைசென்ஸை மொதல்ல சரண்டர் பண்ணிருங்க. எஸ்கியூஎல் பதிப்பு புது ஓஎஸ்ல சப்போர்ட் இருக்குதான்னும் பாக்கோணும். 2014-க்கு 2024 ஜூலைலயே சப்போர்ட் முடிஞ்சுது.

எல்லாத்தையும் விட ஏமாத்தறது ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ்தானுங்க. 2016-க்கு வாங்கின ஆர்டிஎஸ் கேல் (ரிமோட் டெஸ்க்டாப்ல வர்ற ஆளுக்கோ மெஷினுக்கோ ஒண்ணு வீதம் வாங்கற லைசென்ஸ்) 2022-ல செல்லாது. ரிமோட் டெஸ்க்டாப் ரோலைப் புதுசாப் போட்டா 120 நாள் சலுகை இருக்கறதால எல்லாம் நல்லா ஓடும், அப்கிரேடு முடிஞ்சுதுன்னு பில்லும் வாங்கியாச்சு. 120 நாள் கழிச்சு ஒரு காலைல டேலில யாரும் உள்ள வர முடியாது. வேலை முடிஞ்ச அன்னிக்கே ஆர்டி லைசென்சிங் டயக்னோசரைத் திறந்து, கேல் எண்ணிக்கை பூஜ்யமா, மோடு பெர் யூசரா பெர் டிவைஸான்னு பாத்துட்டு கெளம்புங்க.