புதுப்பிப்பு: கருவளப் பவுடர் வாங்கிய கதை

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: குழந்தைக்கு முயல்கிறோம், செம்பூரில் ஒரு மருந்துக்கடையில் 1,800 ரூபாய்க்குக் 'கருவளப் பவுடர்' தந்தார்கள், குடிக்கலாமா என்று. டாக்டரைப் பார் என்று திட்டியவர்களுக்கு நன்றி, பார்த்துவிட்டேன்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பி, பின்னாலிருந்த பொடி எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ. "ஏற்கெனவே ஒரு மல்டிவைட்டமின் சாப்பிடுறீங்க. இதுவும் சேர்ந்து அதிகமானா கருவுக்கு ஆகாதும்மா" என்று ஓரமாக வைத்துவிட்டார். எழுதிக் கொடுத்தது ஃபோலிக் ஆசிட், தினம் 400 மைக்ரோகிராம். கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் குழந்தையின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் உருவாகும்) மூடிவிடும். அது சரியாக மூடத்தான் ஃபோலிக் ஆசிட். நமக்கோ நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். (வலிப்பு மருந்து, சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் அளவு கூடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

அப்புறம் ஹீமோகுளோபின் 9.8. இரும்பு மாத்திரை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திரையை விழுங்கிய கையோடு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி! காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது, கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். இப்போது கால்சியம் ராத்திரிக்கு, இரும்பு மதியம் எலுமிச்சைச் சாறோடு. மலம் கறுப்பாகப் போனால் பதறாதீர்கள், இரும்பின் வேலைதான் அது. நான் பதறினேன்.

இரண்டு மாதத்தில் 11.2. குழந்தைச் செய்தி இன்னும் இல்லை. பவுடரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். டப்பாவில் இப்போது துவரம்பருப்பு.