டிரைவர் பவர் சீட் முன்னும் பின்னும் நகரல: மோட்டாரா, ஒயரா?

கொடுங்கையூர்_டீசல்:
மழைத் தண்ணி கதவு இடுக்கு வழியா ஏறி டிரைவர் பக்கக் கார்பெட் ஊறிடுச்சு. வெயில்ல வச்சுக் காயவச்சாச்சு. இப்போ சீட் உயரமும் சாய்மானமும் வேலை செய்யுது, ஆனா ரொம்ப மெதுவா. முன்ன-பின்ன நகர்றது மட்டும் சுத்தமா இல்ல, சத்தமும் வரல. 30 ஆம்பியர் ஃபியூஸ் நல்லா இருக்கு. மெமரி சீட் இல்ல. மெக்கானிக் மோட்டார் செட்டையே மாத்தணும்கிறார். அதுக்கு முன்னாடி நானே எதைப் பார்க்கலாம்?

எர்த்_முதல்ல:
மோட்டார் வாங்காதீங்க. உங்க வண்டியில ரெண்டு வேற வேற கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை செய்யற எல்லாமே மெதுவா ஓடுதுன்னா, எல்லாத்துக்கும் பொதுவான இடத்துலதான் குறை: ஒண்ணு சப்ளை, இல்ல எர்த் (கரன்ட் வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பற இணைப்பு). தண்ணி ஏறின வண்டின்னா நான் எர்த்தைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். சீட்டுலேர்ந்து வர்ற எர்த் ஒயர் பெரும்பாலும் கார்பெட்டுக்கு அடியில, தரையிலயே போல்ட் போட்டிருக்கும். ஒயர் முனையில போல்ட் நுழையற வளையத்துல, அதாவது ரிங் டெர்மினல்ல, பச்சைக் களிம்பு ஏறிடும். எண்ணூர், காசிமேடு பக்கம் உப்புக் காத்துக்கு இது இன்னும் சீக்கிரம்.

வெறுமனே 12 வோல்ட் காட்டுதான்னு பார்த்து ஏமாறாதீங்க. கரன்ட் ஓடாதப்போ அரிச்சுப்போன ஒயரும் 12 காட்டும். மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, கறுப்பு முனையை நீள ஒயர் போட்டு பேட்டரி நெகட்டிவ்ல பிடிங்க. சிவப்பு முனையை சுவிட்ச் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கிற பிளாஸ்டிக் சொருகி) பின்பக்கமா குண்டூசி நுழைச்சு எர்த் பின்ல வைங்க. இப்போ சாய்மான பட்டனை அழுத்திக்கிட்டே படிங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல போனா எர்த் சரியில்ல. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து சுவிட்சோட சப்ளை பின் வரைக்கும் பாருங்க, அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

நகராத மோட்டாருக்கு ஒரு இலவச டெஸ்ட்: இருட்டுல ரூஃப் லைட்டைப் போட்டுட்டு பட்டனை அழுத்துங்க. லைட் மங்கினா மோட்டார் கரன்ட் இழுக்குது, சீட் நகர்ற தண்டவாளமோ கியரோ சிக்கியிருக்கு. மங்கலன்னா கரன்ட் போய்ச் சேரவே இல்ல.

சிவப்பு_மீட்டர்:
மேல சொன்னது சரி. சீட்டைத் தூக்கற முன்னாடி ஒண்ணு: அடியில மஞ்சள் கப்ளர் இருந்தா அது ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர் (மோதினா பெல்ட்டை இறுக்கற சாதனம்) லைன். இக்னிஷனை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, பத்து நிமிஷம் விட்டுத்தான் தொடணும். அதுல மீட்டரை வச்சு ஓம்ஸ் பார்க்கவே கூடாது, வெடிச்சிடலாம். அந்தக் கப்ளர் கழண்டிருக்கும்போது இக்னிஷன் போட்டா ஏர்பேக் விளக்கு எரிஞ்சு கோளாறு கோட் பதிஞ்சிடும், அப்புறம் அதை அழிக்க ஸ்கேனர் தேடி அலையணும்.

கொடுங்கையூர்_டீசல்:
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. எர்த் பக்கம் 2.8 வோல்ட் வந்துச்சு. ரிங்கைக் கழட்டி எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு இறுக்கினேன், இப்போ 0.1. உயரமும் சாய்மானமும் பழைய வேகத்துக்கு வந்துடுச்சு. நகர்ற மோட்டார் மட்டும் அப்படியேதான். லைட் மங்கல. அந்த மோட்டார் கப்ளரைக் கழட்டிப் பார்த்தா ரெண்டு திசைக்கும் 12 வோல்ட் வருது.

எர்த்_முதல்ல:
கப்ளரைக் கழட்டிப் பார்த்த 12 வோல்ட்டை நம்பாதீங்க, லோடே இல்லையே. பழைய எச்4 ஹெட்லைட் பல்பு ஒண்ணு எடுங்க. ஒரு ஃபிலமென்ட் போயிருந்தாலும் பரவால்ல, இன்னொண்ணு போதும். 55 வாட்னா நாலரை ஆம்பியர் இழுக்கும். அதைக் கப்ளரோட ரெண்டு பின்லயும் மாட்டி, முன் பட்டன், பின் பட்டன் ரெண்டையும் அழுத்துங்க. ரெண்டுக்கும் பளிச்சுன்னு எரிஞ்சா சுவிட்ச்சும் ஒயரும் நல்லா இருக்கு, மோட்டாருக்குள்ளதான் கோளாறு. ஒரு திசைக்கு மட்டும் எரிஞ்சா சுவிட்ச் கான்டாக்ட் கருகியிருக்கு. அழுத்தாதப்போ மோட்டாரோட ரெண்டு காலும் (ரெண்டு ஒயர் முனையும்) சுவிட்ச் வழியா எர்த்லதான் இருக்கும், அழுத்தினா ஒரு கால் மட்டும் 12-க்கு மாறும். அதனால எதிர் காலோட எர்த் கான்டாக்ட் போனாலும் ஒரு திசை செத்துடும். இதைத் தெரியாமதான் நிறைய பேர் நல்ல மோட்டாரைத் தூக்கிப் போடறாங்க.

சிவப்பு_மீட்டர்:
பல்பு எரிஞ்சா, மோட்டாரைப் போட்டுட்டு பட்டனை அழுத்தியபடி ஸ்க்ரூடிரைவர் பிடியால அதன் உடம்பை லேசாத் தட்டுங்க. நகர்ந்தா கார்பன் பிரஷ் துருல சிக்கியிருக்கு. ஓட்டம் வந்ததுமே சீட்டை முழுசா பின்னுக்குத் தள்ளி முன் போல்ட் ரெண்டு, முழுசா முன்னுக்குத் தள்ளி பின் போல்ட் ரெண்டு கழட்டிடுங்க. அந்த வாய்ப்பு மறுபடி கிடைக்காமப் போகலாம். தட்டியும் அசையலன்னா ஃபிளெக்ஸ் கேபிள் (மோட்டார் சுழற்சியைத் தண்டவாள கியருக்குக் கொண்டுபோற வளையற கேபிள்) இருக்கிற வண்டியில மோட்டாரைப் பிரிச்சுட்டு, கேபிள் முனையை டிரில்ல மாட்டி மெதுவாச் சுத்தி நகர்த்தலாம்.

சீட்டை எடுத்ததும் கார்பெட்டைத் தூக்கி அடியில இருக்கிற நுரையை அமுக்கிப் பாருங்க. மேல காய்ஞ்சிருந்தாலும் அதுல தண்ணி வாரக்கணக்கா நிக்கும். நுரையை வெளிய எடுத்துக் காயவைக்காம மூடினா நீங்க தேய்ச்ச எர்த் மறுபடி களிம்பு பிடிக்கும்.

மோட்டார் மாத்தத்தான் வேணும்னா சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகள்ல அந்த ஒரு மோட்டாரை மட்டும் கேளுங்க, செட் வேணாம். பழைய மோட்டாரைக் கையோட எடுத்துட்டுப் போய் கப்ளர், தண்டுப் பல்லு ரெண்டும் ஒத்துவருதான்னு பாருங்க. காசு கொடுக்கற முன்னாடி கடையிலயே 12 வோல்ட் பேட்டரி வச்சு ரெண்டு பக்கமும் சுத்த விடச் சொல்லுங்க.